பற்றரி வாங்குமுன்: வீட்டில் எவ்வளவுக்கு மின்சாரம் வேண்டும்?

உங்கள் காணிக்குத் திரும்பிவிட்டீர்கள். வளவைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, வீட்டு வேலையும் தொடங்கியாயிற்று. ஆனால் மின்கம்பம் இன்னும் பிரதான வீதியோடு நிற்கிறது. உங்கள் ஒழுங்கைக்கு அது எப்போது வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்த இடைக்காலத்தில்தான் சோலார் பனலும் பற்றரியும் விற்பவர்கள் படலையடிக்கு வருகிறார்கள். "முழு வீட்டுக்கும் போட்டுத் தருகிறோம், மாதாமாதம் கட்டினால் போதும்" என்கிறார்கள்.

சோலார் மின்சாரம் நல்லது. மண்ணெண்ணெய்க்கு நாளாந்தம் செலவழிக்கும் காசு மிஞ்சும். கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் குப்பி விளக்குச் சரிந்து தீப்பிடிக்கும் பயமும் இல்லை. அதனால் வாங்குவதா விடுவதா என்பது இங்கே பெரிய கேள்வி அல்ல. வீட்டில் எதையெதை அந்தப் பற்றரியில் ஓடவிடுவது என்பதே கேள்வி. இதைத் தீர்மானிக்காமல் வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, தேவைக்கு மிஞ்சிய தொகுதியை வாங்கி, கூரைக்கும் மலசலகூடத்துக்கும் வைத்திருந்த காசைக் கரைத்துவிடுகிறார்கள். அல்லது சிறிய தொகுதியை வாங்கி அதில் எல்லாவற்றையும் கொழுவி, ஒரு வருடத்துக்குள் பற்றரியைச் சாகடித்துவிடுகிறார்கள். அப்போது பற்றரி போய்விடும், கடன் மட்டும் நிற்கும்.

எங்கள் ஆலோசனை இதுதான்: இருட்டிய பிறகு இல்லாவிட்டால் துன்பம் தருபவை எவையோ, அவற்றுக்கு மட்டும் முதலில் பற்றரி வாங்குங்கள். மற்றவை பொறுக்கலாம்.

தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள்

பற்றரி ஒரு தண்ணீர்த் தாங்கி போன்றது. பனல்தான் அதை நிரப்பும் பம்பி. பகலில் நிரம்புவதை இரவில் எடுக்கிறீர்கள். ஒவ்வொரு நாளும் நிரம்புவதை விடக் கூட எடுத்தால், தாங்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒருநாள் வறண்டுவிடும். ஆகவே பெரிய பற்றரி வாங்குவதால் மட்டும் பிரச்சினை தீராது. அதை நிரப்பக்கூடிய பனலும் வேண்டும்.

இதிலே இன்னொரு விடயம் உண்டு. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஈய அமிலப் பற்றரியை அடிவரை வெறுமையாக்கக் கூடாது. அரைவாசிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறைந்துவிடும். 12 வோல்ற்று 100 அம்பியர் மணிப் பற்றரி ஒன்றில் 1200 வாற்று மணி மின்சாரம் இருக்கிறது என்று பெட்டியில் கணக்கு வரும். நீங்கள் நம்பி எடுக்கக்கூடியது 600 மட்டுமே. லிதியம் பற்றரியில் நூற்றுக்கு எண்பது வரை எடுக்கலாம், பாரமும் குறைவு, ஆனால் விலை கூட. அதற்கு ஏற்ற கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டும்.

வாற்று மணி என்பது கடினமான கணக்கல்ல. பொருளின் மேல் எழுதியிருக்கும் வாற்றை, அது ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கினால் சரி. 5 வாற்று குமிழ் 4 மணித்தியாலம் எரிந்தால் 20 வாற்று மணி.

ஒரு குடும்பத்தின் இரவு

இரண்டு அறை, விறாந்தை, தனியாகக் குசினி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர். மூத்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறது.

பெரிய அறையில் 7 வாற்று எல்.ஈ.டி குமிழ் 4 மணித்தியாலம் எரிந்தால் 28. குசினியில் 5 வாற்று குமிழ் 3 மணித்தியாலம், 15. படிக்கும் மேசைக்குத் தனியாக 5 வாற்று, 3 மணித்தியாலம், இன்னொரு 15. கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போகும் பாதைக்கு 3 வாற்று குமிழ் ஒன்று இரவு முழுக்க, அதாவது 10 மணித்தியாலம், 30. கைத்தொலைபேசி இரண்டுக்கும் சேர்த்து 20. சிறிய வானொலி 4 மணித்தியாலம் பாடினால் ஏறத்தாழ 20. எல்லாவற்றையும் கூட்டினால் 128 வருகிறது, 130 என்று வைத்துக்கொள்ளலாம்.

பாதை விளக்கைப் பலர் முதலில் வெட்டிவிடப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த காணியில் பற்றையும் இடிந்த சுவரும் பாம்புக்கு இருப்பிடமாகிவிட்டிருக்கும். பெண்களும் பிள்ளைகளும் இரவில் வெளியே போவதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பற்றி எங்கள் களப் பணியாளர்களிடம் பல தாய்மார் சொல்லியிருக்கிறார்கள். 3 வாற்றுக்கு இதைவிட நல்ல பயன் வீட்டில் வேறு இல்லை.

இப்போது பற்றரியைக் கணக்கிடுவோம். மாரியில் ஒருநாள் முழுக்க வெயில் எறிக்காமல் போகும். ஆகவே இரண்டு இரவுக்குக் கையிருப்பு வேண்டும்: 130 ஐ 2 ஆல் பெருக்க 260. பற்றரியில் அரைவாசியை மட்டும் எடுக்கலாம் என்பதால் அதை இரட்டிப்பாக்க 520. இதை 12 வோல்ற்றால் பிரித்தால் 43 அம்பியர் மணி. கடையில் 45 அல்லது 50 அம்பியர் மணிப் பற்றரியைக் கேளுங்கள்.

பனலுக்கு, நல்ல வெயில் நாளில் முழுப் பலத்தோடு 4 அல்லது 5 மணித்தியாலம் கிடைக்கும் என்று கணக்கிடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களை நினைத்து 3 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம், தூசி, வயர் ஆகியவற்றால் நூற்றுக்கு முப்பது போய்விடும். 130 ஐ 3 ஆலும் 0.7 ஆலும் பிரித்தால் 62 வாற்று. 60 வாற்று பனல் மட்டுமட்டாகப் போதும். 80 வாற்று வாங்கினால் மழை விட்ட மறுநாளே பற்றரி தேறிவிடும். காசு இருந்தால் பற்றரியைப் பெரிதாக்குவதை விடப் பனலைப் பெரிதாக்குவதையே நாங்கள் விரும்புகிறோம். பனல் இருபது வருடத்துக்கு மேலும் நிற்கும். பற்றரியை நன்றாகப் பராமரித்தாலும் சில வருடங்களில் மாற்றத்தான் வேண்டும்.

அதற்கு மேலே ஒவ்வொன்றும் என்ன கேட்கும்?

விசிறி. வன்னி வெயிலில், தகரக் கூரையின் கீழ், கைக்குழந்தையோ வயோதிபரோ இருக்கும் வீட்டில் இது ஆடம்பரம் அல்ல. ஆனால் எந்த விசிறி என்பதைப் பார்க்க வேண்டும். பற்றரியில் நேரே ஓடும் 12 வோல்ற்று மேசை விசிறி 15 வாற்று அளவில் எடுக்கும். இரவு 8 மணித்தியாலம் சுழன்றால் 120. மேலே கணக்குப் பார்த்த முழு வீட்டுக்கும் ஆனதற்குக் கிட்டத்தட்டச் சமம். அந்த விசிறியைச் சேர்த்தால் பற்றரி 85 அம்பியர் மணிக்கும் பனல் 120 வாற்றுக்கும் ஏறும். வழமையான கூரை விசிறியோ 70 வாற்று அளவில் எடுக்கும், இன்வேட்டரும் வேண்டும்.

தொலைக்காட்சி. 32 அங்குல எல்.ஈ.டி ஏறத்தாழ 50 வாற்று. டிஷ் பெட்டியும் இன்வேட்டரில் வீணாவதும் சேர்ந்தால், 3 மணித்தியாலம் பார்க்க 200 வாற்று மணி போகும். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், தெரியும். வெயில் எறிக்கும் பகலில், பற்றரி நிரம்பிய பிறகு ஒரு மணித்தியாலம் பார்ப்பதால் கெடுதி இல்லை. இரவில் நாடகம் பார்த்துவிட்டு அதிகாலையில் பிள்ளைக்குப் படிக்க வெளிச்சம் இல்லாமல் போவதுதான் நட்டம்.

குளிர்சாதனப் பெட்டி. சிறியதே ஒரு நாளில் 1000 வாற்று மணி அளவில் எடுக்கும். அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 330 அம்பியர் மணிக்கு மேற்பட்ட பற்றரி, 480 வாற்று அளவில் பனல். இது வீட்டுக்கு வாங்கும் தொகுதி அல்ல, கடைக்கு வாங்கும் தொகுதி. குளிர்பானம், ஐஸ், மீன் விற்று வருமானம் பார்க்கும் எண்ணம் இருந்தால் அதைத் தனி முதலீடாகக் கணக்கிட்டு, வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பியுங்கள். வீட்டு விளக்கோடு சேர்க்காதீர்கள். இன்சுலின் எடுப்பவர் வீட்டில் இருந்தால், அதற்காகப் பெட்டி வாங்குமுன் உங்கள் பகுதி வைத்தியசாலையில் மருந்தை அங்கே குளிரில் வைத்துச் சிறிது சிறிதாகப் பெற முடியுமா என்று கேளுங்கள். தொய்வு நோயாளர் பாவிக்கும் நெபுலைசரோ வேறு மாதிரி. ஒருதடவை பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஓடும், மின்சாரம் கொஞ்சமே போகும். அதற்கு ஒரு சிறிய இன்வேட்டர் வைத்திருப்பது நியாயமானது.

ஸ்திரிக்கைப் பெட்டி, கேத்தல், ரைஸ் குக்கர், கிரைண்டர் ஆகியவற்றை இந்தப் பற்றரியில் கொழுவவே வேண்டாம். சூடாக்கும் பொருள் எதுவும் ஆயிரம் வாற்று அளவில் இழுக்கும். பாடசாலைச் சீருடைக்குக் கரிப்பெட்டி போதும், சம்பலுக்கு அம்மி இருக்கிறது.

தண்ணீர்ப் பம்பியும் அப்படித்தான். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடத் தொடங்கும் கணத்தில் வழமையைவிடப் பலமடங்கு மின்சாரம் இழுக்கும், சிறிய இன்வேட்டர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். தோட்டத்துக்கு இறைக்க மண்ணெண்ணெய் இயந்திரமே இப்போதைக்குச் சரி. பின்னர் வசதி வந்தால், பற்றரி இல்லாமல் வெயிலில் நேரே ஓடும் சோலார் பம்பியைத் தனியாகப் பார்க்கலாம். பகலில் இறைத்துத் தொட்டியில் விட்டால் அந்தத் தொட்டியே பற்றரி.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி வைத்துப் படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டவர்களும் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். எது இல்லாமல் சமாளிக்கலாம், எது இல்லாமல் முடியாது என்பதை இந்தக் கையேட்டைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டியல் எழுதும்போது அவர்களையும் கூட இருத்துங்கள்.

இன்வேட்டர் வேண்டுமா?

விற்பவர்கள் முதலில் காட்டுவது இதைத்தான், ஏனென்றால் சாதாரணக் குமிழும் பிளக்கும் அப்படியே பாவிக்கலாம். ஆனால் இன்வேட்டர் ஒன்றும் ஓடாமல் சும்மா இருக்கும்போதே 5 முதல் 10 வாற்று வரை தின்னும். 8 வாற்று என்று வைத்தாலும் இரவு பத்து மணித்தியாலத்தில் 80 வாற்று மணி போய்விடும். குமிழ்கள் எல்லாம் சேர்ந்தே 88 தான் எடுக்கின்றன. விளக்கு, கைத்தொலைபேசி, வானொலி, சிறிய விசிறி எல்லாம் 12 வோல்ற்றில் நேரே ஓடுபவையாக வாங்கினால் இன்வேட்டர் இல்லாமலே காலம் தள்ளலாம். வாங்கினாலும் தேவையான நேரம் மட்டும் போட்டு, பின்னர் நிறுத்துங்கள். 500 வாற்று இன்வேட்டர் முழுப் பாரத்தில் பற்றரியிலிருந்து 40 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கிடையிலான வயர் தடிப்பாகவும் கட்டையாகவும் இருக்க வேண்டும். மெல்லிய வயர் உருகித் தீப்பிடிக்கும்.

உழவு இயந்திரப் பற்றரி ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் பாவிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இயந்திரத்தை ஸ்ரார்ட் பண்ண ஒரு கணம் பலமாக மின்சாரம் கொடுப்பதற்காக அது செய்யப்பட்டது. இரவு முழுக்கச் சிறிது சிறிதாகக் கொடுத்து ஆழமாக இறங்கினால் விரைவில் பழுதாகும். கையில் இருந்தால் தற்காலிகமாகப் பாவியுங்கள், காசு கொடுத்து அதை வாங்காதீர்கள். சோலாருக்கு என்று செய்த பற்றரியைக் கேளுங்கள். பற்றரிக்கும் பனலுக்கும் வெவ்வேறு உத்தரவாதம் இருக்கும், இரண்டு அட்டையையும் கடை முத்திரையோடு, வாங்கிய திகதியோடு பெற்றுக்கொள்ளுங்கள். தவணைக் கடன் எடுத்தால், கடைசித் தவணை பற்றரியின் உத்தரவாதம் முடியுமுன் கட்டிமுடிய வேண்டும். அப்படி அமையாவிட்டால் தொகுதியைச் சிறிதாக்குங்கள். நகையை அடகு வைத்துச் செய்யும் அளவுக்கு இது அவசரமானது அல்ல.

பொருத்தும்போது

பனலைக் கம்பத்தில் பூட்டக் குழி தோண்டுவதாக இருந்தால், அந்த இடம் மிதிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்ட பகுதிக்குள் இருப்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்திய பின்னரே மண்வெட்டியை எடுங்கள். கூரை பலமாக இருந்தால் கூரையே நல்லது. பனலின் முகம் தெற்கே பார்த்து, 10 முதல் 15 பாகை சரிவாக இருக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வெயில் குறைவான அந்தக் காலத்தில்தான் உங்களுக்கு ஒவ்வொரு கதிரும் தேவை. சரிவு இருந்தால் மழையே தூசியையும் கழுவிவிடும். ஒரு மூலையில் பனையோலை நிழல் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். பனையைத் தறிக்காதீர்கள், பனலை நகர்த்துங்கள்.

பற்றரியைப் படுக்கும் அறையில் வைக்க வேண்டாம். சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். காற்றோட்டமான விறாந்தை மூலையில், மரப்பெட்டிக்குள், பிள்ளைகளின் கை எட்டாதவாறு வையுங்கள். அதன் அருகில் விளக்கோ பீடியோ கூடாது. நேர்முனைக்குக் கிட்ட ஒரு பியூஸ் கட்டாயம். இணைக்கும்போது கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். அமிலம் உடம்பில் பட்டால் நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணித்தியாலம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

தண்ணீர் விடும் வகைப் பற்றரி என்றால் மாதம் ஒருதடவை திறந்து பாருங்கள். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர் மட்டும் விடுங்கள். எங்கள் பகுதிக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் உப்பும் உண்டு, கேத்தலின் அடியில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு பற்றரிக்குள்ளும் நடந்தால் அது முடிந்தது. சிறிய அளவுமானி ஒன்று இருந்தால் காலையில், வெயில் ஏறுமுன், ஒன்றும் ஓடாத நேரத்தில் அளந்து பாருங்கள். 12.7 வோல்ற்று என்றால் நிறைவு, 12.2 என்றால் அரைவாசி. தொடர்ந்து 12.2 க்குக் கீழே காட்டினால் இரவில் எதையோ கூடப் பாவிக்கிறீர்கள்.

மின்சாரசபை லைன் வந்த பிறகு

அப்போது இதெல்லாம் வீணாகிவிடுமா என்று கேட்கலாம். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. புயல் மழையில் கம்பி அறுந்தால் உள்ளூர்க் கிராமத்துக்கு மின்சாரம் திரும்ப நாளாகும். அன்றைக்கும் உங்களுக்கு வேண்டியது அதே நாலு குமிழும் கைத்தொலைபேசியும்தான்.

ஆகவே புதிய வீட்டுக்குச் சாந்து பூசுமுன்பே இதற்கு ஆயத்தம் செய்யலாம். வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாக வரும்போது, சுவருக்குள் வயர்க் குழாய் போடும் கட்டத்தில் இரண்டு தனித்தனிக் குழாய் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று மின்சாரசபை லைனுக்கு, மற்றது 12 வோல்ற்று விளக்குகளுக்கு. இரண்டையும் எந்த இடத்திலும் முட்டவிட வேண்டாம். இன்வேட்டரின் வயரை வீட்டுப் பிளக்கில் செருகி முழு வீட்டுக்கும் கொடுப்பதை யார் சொல்லித்தந்தாலும் செய்யாதீர்கள். மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து வெளி லைனுக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைக் கொல்லும். இன்வேட்டரை வீட்டு வயரிங்கோடு சேர்ப்பதென்றால், ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் இணைக்கும் மாற்றுச் சுவிச்சை தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு பூட்டுங்கள்.

பழுதான பற்றரியை உடைத்து ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு செய்ய வேண்டாம். அந்தப் புகையும் சாம்பலும் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும், கிணற்றிலும் கலக்கும். அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் பற்றரிக் கடையில் கொடுங்கள். பழையதற்குப் புதியதின் விலையில் ஒரு தொகையைக் கழித்துத் தரும் கடைகள் உண்டு, வாங்குமுன் கேட்டுப் பாருங்கள்.